நோட்டுப் புத்தகத்தில் பிழைத்த பாட்டு: கொச்சி யூதர்களின் கல்வியும் கலையும்

கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள யூதப் பள்ளிக்கு, அதாவது ஜெப ஆலயத்துக்கு, போகிறவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். நமக்கு இது ஒரு விஷயமே இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் யூதப் பயணிகளுக்குத்தான் இது ஆச்சரியம். அவர்கள் ஊர் ஜெப ஆலயங்களில் இப்படி ஒரு வழக்கம் கிடையாது. வெறுங்காலோடு உள்ளே போனால், பாதத்துக்குக் கீழே குளுகுளுவென்று வெள்ளையும் நீலமுமாகச் சீன ஓடு. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் எசக்கியேல் ரஹாபி என்ற வணிகர் கப்பலில் வரவழைத்துப் பதித்தது. ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது என்று கைடுகள் சொல்வார்கள். கையால் வரைந்தவை, அதனால் கோடு இங்கும் அங்கும் மாறும். மற்றபடி பொறுமையாகப் பார்த்தால் சில வடிவங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

பயணிகள் தரையைப் பார்ப்பார்கள், பெல்ஜியக் கண்ணாடி விளக்குகளைப் பார்ப்பார்கள், வெளியே வந்து மணிக்கூண்டைப் படம் எடுப்பார்கள், தெருவில் ஏலக்காய் வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். தப்பில்லை, அழகான இடம்தான். ஆனால் இந்தச் சமூகம் ஆயிரம் ஆண்டுகளாகத் தன் பிள்ளைகளுக்கு எதைக் கற்றுக்கொடுத்தது, எதைப் பாடியது, எப்படிக் கொண்டாடியது என்று கேட்டால், அதற்கான பதிலில் பெரும்பகுதி அந்தக் கட்டடத்துக்குள் இல்லை. கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டுகளில், பெண்களின் கையெழுத்தில், மலையாளத்தில் இருந்தது. கட்டடத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நோட்டுகளின் கதையைச் சொல்ல வேண்டும் என்றால், அதற்கு முன்னால் ஒரு செப்பேட்டைப் பார்த்துவிட வேண்டும்.

நமக்கும் படிக்க வரும் செப்பேடு

கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில், அதாவது இன்றைய கொடுங்கல்லூர்ப் பக்கம், இருந்தபடி ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு ஒரு செப்புப் பட்டயம் கொடுத்தான். அது கி.பி. 379ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பது சமூகத்தின் மரபுக் கணக்கு. எழுத்தமைதியையும் அரசனின் காலத்தையும் வைத்து ஆய்வாளர்கள் கொண்டுவந்து நிறுத்துவது கி.பி. 1000 பக்கம். எழுத்து வட்டெழுத்து. மொழி, தமிழும் மலையாளமும் இன்னும் முழுசாகப் பிரியாத காலத்து மொழி. ரப்பானின் பெயர் அதில் 'இரப்பான்' என்று நம் வாய்க்கு ஏற்றபடி இகரம் சேர்ந்து வருகிறது.

அரசன் என்னென்ன கொடுத்தான் என்ற பட்டியலைத் தமிழ் தெரிந்தவர் யாரும் அகராதி இல்லாமலே பாதி புரிந்துகொள்ளலாம். பகல்விளக்கு, பாவாடை, குடை, வடுகப்பறை, காகளம், தோரணம், தோரண விதானம் என்று போய், இப்படி மொத்தம் எழுபத்திரண்டு விடுபேறு, அதாவது உரிமை, என்று முடிகிறது. பாவாடை என்றதும் சிரிக்க வேண்டாம். நடக்கும் வழியில் விரிக்கும் நடைபாவாடை அது. காகளம் என்பது ஊதுகொம்பு. அப்புறம் 'உல்கும் துலாக்கூலியும் விட்டோம்' என்று ஒரு வரி. உல்கு என்றால் சுங்கம். 'உறுபொருளும் உல்கு பொருளும்' என்று வள்ளுவர் சொல்லும் அதே சொல். துலாக்கூலி எடை போடுவதற்கான கட்டணம். இந்த இரண்டும் யூதர்களுக்குத் தள்ளுபடி.

அஞ்சுவண்ணம் என்ற பெயரும் இதில் வருகிறது. கடல் கடந்து வந்த வணிகர்களின் கூட்டமைப்பு அது. தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிலும் தென்படும். 'அஞ்சுமன்' என்ற பாரசீகச் சொல் நம் ஊரில் ஐந்து வண்ணமாகி நின்றது என்பது பலர் ஏற்கும் விளக்கம்.

வரித் தள்ளுபடியை எடுத்துவிட்டு அந்தப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். கொம்பு, பறை, குடை, தோரணம், பகலில் ஏந்தும் விளக்கு, காலடியில் விரிக்கும் துணி. ஒரு ஊர்வலத்துக்கு வேண்டிய சாமான் பட்டியல் மாதிரியே இருக்கிறது இல்லையா? எந்தச் சாதி எந்தத் தெருவில் குடை பிடிக்கலாம், யார் வீட்டுக் கல்யாணத்தில் பறை ஒலிக்கலாம் என்பதெல்லாம் கணக்கிட்டு அளந்து கொடுக்கப்பட்ட நாட்டில், 'நீங்களும் தெருவில் கொண்டாடலாம்' என்று எழுத்தில் கிடைத்த அனுமதி அது. கேரள யூதர்களின் கொண்டாட்டங்கள் ஏன் அவ்வளவு கேரளத்தனமாக இருந்தன என்பதற்கான காரணம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. பட்டயத்தின் பிரதியை 2017இல் இந்தியப் பிரதமர் இஸ்ரேல் பிரதமருக்குப் பரிசாகக் கொடுத்தார், மூலம் கொச்சியில்தான்.

கொடுங்கல்லூரில் இருந்தவர்கள் கொச்சிக்கு நகர்ந்தது பிறகு நடந்தது. 1341இல் பெரியாற்று வெள்ளம் பழைய துறைமுகத்தைத் தூர்த்துவிட்டது, கொச்சியில் புதிய துறை திறந்தது. கொச்சங்காடியில் 1344இல் கட்டிய ஒரு யூதப் பள்ளியின் கல்வெட்டு இன்றும் மட்டாஞ்சேரிப் பள்ளி வளாகச் சுவரில் இருக்கிறது. அதற்கும் முந்தியது, சேந்தமங்கலத்தில் கிடைத்த சாரா என்ற பெண்ணின் கல்லறைக் கல். 1269ஆம் ஆண்டு, எபிரேய எழுத்து. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின், போர்த்துகல், அலெப்போ, பாக்தாத் என்று பல இடங்களிலிருந்து வந்தவர்கள் 'பரதேசி'கள் ஆனார்கள். முன்பே இருந்தவர்கள் மலபார் யூதர்கள். பரதேசிகள் 1568இல் கட்டிய பள்ளிதான் இன்று எல்லோரும் பார்க்கும் பள்ளி. அரண்மனைக்குப் பக்கத்திலேயே, அரசன் கொடுத்த நிலத்தில், கோயிலும் பள்ளியும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. சமூகத் தலைவருக்குக் கொச்சி அரசன் கொடுத்த பட்டம் என்ன தெரியுமா? முதலியார். யூத முதலியார்!

மாடியில் நடந்த படிப்பு

கேரளத்தில் இன்று ஏழு யூதப் பள்ளிக் கட்டடங்கள் மிஞ்சியிருக்கின்றன. மட்டாஞ்சேரியில் பரதேசிப் பள்ளியும் கடவும்பாகமும். எர்ணாகுளத்தில் இன்னொரு கடவும்பாகமும் தெக்கும்பாகமும். பிறகு பரவூர், சேந்தமங்கலம், மாளா. பெயர்களுக்கு விளக்கமே தேவையில்லை. கடவுப் பக்கம் ஒன்று, தெற்குப் பக்கம் ஒன்று.

இந்தப் பள்ளிகளின் உள்ளமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. யூதர்களின் வேதமான தோராவை வாசிக்கும் மேடை எல்லா ஜெப ஆலயங்களிலும் ஒன்றுதான் இருக்கும். கேரளத்தில் இரண்டு. ஒன்று கீழே கூடத்தின் நடுவில், இன்னொன்று மாடியில், பெண்கள் உட்காரும் பகுதிக்கு நேர் முன்னால். ஓய்வுநாளிலும் பண்டிகைகளிலும் தோராவை மாடி மேடையிலிருந்து வாசிப்பார்கள். நடுவில் மரத்தட்டி மறைப்பு உண்டுதான். இருந்தாலும் வாசிப்பவரின் குரல் முதலில் விழுவது பெண்களின் காதில். வேறு நாடுகளில் பெண்களை ஒரு மூலைக்குத் தள்ளிய கட்டடங்கள்தான் அதிகம்; இங்கே கட்டடமே அவர்கள் பக்கமாக நகர்ந்து வந்திருக்கிறது. சில பள்ளிகளில் அந்த மாடியை ஒட்டியே பிள்ளைகள் படிக்கும் அறையும் இருந்தது.

பட்டம் பெற்ற ரபி, அதாவது யூத மத குரு, என்று கொச்சியில் யாரும் இருக்கவில்லை. படித்த பெரியவர் சொல்லிக்கொடுப்பார், குரல் உள்ளவர் வழிபாட்டை நடத்துவார், ஊர் விவகாரத்தைச் சமூகச் சபையான யோகம் கூடிப் பேசும். சின்ன வயதிலேயே எபிரேய எழுத்து கற்றுக்கொடுத்துவிடுவார்கள். பெண் பிள்ளைகளும் எபிரேயம் வாசிக்கப் பழகினார்கள். பிரார்த்தனைப் பாடல்களை ஆண்களோடு சேர்ந்து உரக்கப் பாடினார்கள். ஆண்கள் கேட்கும்படி பெண் பாடக் கூடாது என்று பல நாட்டு யூதர்களிடம் கட்டுப்பாடு இருந்தது. கொச்சியில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தால் மட்டும் போதாதே, பொருள் வேண்டாமா? அதற்கு 'தம்ஸீர்' என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். எபிரேய வசனத்தில் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டியது, உடனே அதற்கு நேரான மலையாளச் சொல், மறுபடி எபிரேயம், மறுபடி மலையாளம். வாக்கியமாகச் சேர்த்துப் பார்த்தால் மலையாளம் கோணல்மாணலாக இருக்கும். ஏனென்றால் சொல் வரிசை எபிரேயத்துடையது. ஆனால் பிள்ளையின் தலையில் ஒவ்வொரு சொல்லும் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துவிடும். தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாகவே வந்ததால், பேச்சிலிருந்து எப்போதோ காணாமல் போன பழைய மலையாளச் சொற்கள் தம்ஸீரில் தங்கிப்போயின. பல இடங்களில் அவை நமக்குத் தமிழாகவே கேட்கும். பழைய பாட உரைகளைப் பதம் பிரித்துப் படித்தவர்களுக்கு இந்த முறை புதிதாக இருக்காது.

கற்ற எபிரேயம் வெறும் ஓதலோடு நிற்கவில்லை. நெகேமியா மோத்தா என்ற கவிஞர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மட்டாஞ்சேரியில் இறந்தார். அவர் எழுதிய எபிரேயப் பாடல்களைக் கொச்சி யூதர்கள் பண்டிகைகளில் பாடினார்கள். கொடுங்கல்லூருக்கு அவர்கள் வைத்த பெயர் ஷிங்லி. அந்த ஷிங்லி மரபுப் பாடல்கள் 18ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் அச்சாகிக் கப்பலில் திரும்பி வந்தன. கவிஞரின் சமாதி இன்னும் இருக்கிறது. யூதர்கள் மட்டுமல்ல, அக்கம்பக்கத்து இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அங்கே மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அவர் கவிஞர் இல்லை, சித்தர்.

யார் எங்கே உட்கார்ந்தார்கள்

ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை சுற்றுலாத் துண்டுப் பிரசுரம் ஆகிவிடும். பரதேசிப் பள்ளியில் மலபார் யூதர்களுக்குச் சம உரிமை கிடையாது. இரு பக்கமும் கல்யாணச் சம்பந்தமும் கிடையாது. பரதேசிகளிலேயே, விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்த குடும்பங்கள் இருந்தன. அவர்கள் பள்ளியின் முன்னறையில், தரையில் உட்கார வேண்டும். தோரா வாசிக்க முன்னால் அழைக்க மாட்டார்கள். சுற்றிலும் இருந்த சாதியை யூதர்களும் எடுத்துக்கொண்டார்கள் என்று இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அடிமை முறை வெளியிலிருந்து வந்தவர்களிடமும் இருந்ததுதான். பழியை முழுசாக ஊர் மேல் போட முடியாது.

அந்தத் தரையில் உட்கார வைக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர் ஏ.பி. சேலம். 1882இல் பிறந்தார், சென்னைக்கு வந்து சட்டம் படித்தார், ஊர் திரும்பி வழக்கறிஞர் ஆனார், கொச்சி சட்டசபையில் உறுப்பினராக இருந்தார். காந்தியின் வழியைத் தன் சொந்தப் பள்ளிக்குள்ளேயே கொண்டுபோனார். பள்ளியைப் புறக்கணித்தார், உள்ளே போய் உட்காரக் கூடாத இடத்தில் உட்கார்ந்தார், தன் பிள்ளைகளையும் உட்கார வைத்தார். விட்டுக்கொடுப்பு ஒவ்வொன்றாக, பல ஆண்டுகள் இழுத்துத்தான் வந்தது. 'யூத காந்தி' என்று அவரை அழைத்தார்கள்.

அதே பிரிவில் 1912இல் பிறந்தவர் ரூபி டேனியல். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடற்படையின் பெண்கள் பிரிவில் வேலை பார்த்தவர். 1951இல் இஸ்ரேலுக்குப் போனார். அவர் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நோட்டுகளின் கதையில் திரும்ப வருகிறார்.

நோட்டு

கல்யாணம், விருத்தசேதனம், பண்டிகை எதுவானாலும் பெண்கள் கூடிப் பாடுவார்கள். வட்டமாக நின்று கை தட்டி அடியெடுத்து ஆடுவதும் உண்டு. கைகொட்டிக்களியைப் பார்த்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும். பாட்டு மலையாளம். மெட்டுகளில் சில ஊருக்குப் பொதுவானவை, சில எபிரேயப் பாடல்களின் மெட்டு. கடவுளுக்குத் தம்புரான் என்று பெயர். ஜெப ஆலயம் என்பது பள்ளி.

எதைப் பற்றிப் பாடினார்கள்? மணப்பெண்ணின் கூந்தலும் நகையும் ஒரு வகை. ஆபிரகாம், யோசேப்பு, மோசே, எஸ்தர் கதைகள் இன்னொரு வகை. வேதத்தில் ஒரு வரியில் இருப்பது பாட்டில் பத்து வரியாகும், வேதத்தில் இல்லாததும் நடுவில் புகும். மூன்றாவது வகைதான் எனக்கு மிகவும் பிடித்தது: ஒவ்வொரு பள்ளியும் எப்படிக் கட்டப்பட்டது என்று சொல்லும் தலபுராணம் மாதிரியான பாட்டுகள். கடவும்பாகத்துக்கு ஒன்று, தெக்கும்பாகத்துக்கு ஒன்று, பரவூருக்கு ஒன்று என்று தனித்தனி. எங்கள் ஊர்ப் பள்ளிதான் உசத்தி என்ற பெருமை அதில் வழியும். 20ஆம் நூற்றாண்டில், இஸ்ரேல் என்ற நாடு வரப்போகிறது என்ற நம்பிக்கையைப் பாடும் புதுப் பாட்டுகளும் சேர்ந்தன. அவையும் மலையாளத்தில்தான்.

கிளி அடிக்கடி வரும். கிளியைக் கூப்பிட்டுக் கதை சொல்லச் சொல்வது மலையாளத்தில் கவிஞர் எழுத்தச்சன் காலம் தொட்டு வரும் வழக்கம். நம் தூது இலக்கியத்துக்கும் பக்கத்துச் சொந்தம். யூதப் பெண்களும் அந்தக் கிளியை விட்டுவைக்கவில்லை.

ஒரு நோட்டு எப்படி இருக்கும்? கடையில் வாங்கிய கோடு போட்ட நோட்டு. மலையாள எழுத்தில், பாட்டுக்குப் பாட்டு எண் போட்டோ போடாமலோ, வரி பிரிக்காமல் நெருக்கி எழுதியிருக்கும். கேட்டதைக் கேட்டபடி எழுதியதால் எபிரேயச் சொற்கள் மலையாள எழுத்தில் வேறு உருவம் எடுத்திருக்கும். பொருள் புரியாத பழைய சொல் வந்தால் எழுதியவர் தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிவிட்டிருப்பார். அடுத்த நோட்டில் அதே வரி வேறு மாதிரி இருக்கும். அம்மாவின் நோட்டைப் பார்த்து மகள் எழுதுவாள், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகும்போது நோட்டும் கூடப் போகும். மட்டாஞ்சேரிப் பாட்டு பரவூருக்கும் பரவூர்ப் பாட்டு மட்டாஞ்சேரிக்கும் போனது இப்படித்தான். ஒருவருக்கொருவர் பெண் கொடுக்காத பரதேசி, மலபார் இரு பக்கத்து நோட்டுகளிலும் ஒரே பாட்டுகள் இருக்கின்றன. ஆண்கள் கூடத்தில் இடம் பிரித்துக்கொண்டிருந்தபோது, பாட்டு எப்படியோ சுவரேறிக் குதித்திருக்கிறது.

இந்த நோட்டுகளைப் படித்தவர் எண்ணிக்கை ரொம்ப நாள் வரை அதை எழுதியவர்களோடு சரி. யூதவியல் படித்தவர்களுக்கு மலையாளம் தெரியாது. மலையாளம் தெரிந்தவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எபிரேயத்தில் இருப்பதுதான் யூத இலக்கியம், ஆண்கள் எழுதியதுதான் கல்வி என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது. பெண்கள் பாட்டு, நாட்டுப் பாட்டு, சரி, கல்யாணத்துக்குப் பாடுவது என்று ஒதுக்கிவிட்டார்கள்.

தோரா புறப்பாடு

பண்டிகைகளில் கொச்சி யூதர்கள் உயிராக நினைத்தது சிம்ஹத் தோரா. ஆண்டு முழுக்க வாரம் ஒரு பகுதியாகத் தோராவை வாசித்து முடித்து, மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கும் நாள். எல்லா நாட்டு யூதர்களும் அன்றைக்குத் தோராச் சுருளை ஏந்தி உள்ளே வலம் வருவார்கள். கொச்சியில் அதோடு முடியாது. சுருள்களை அவற்றின் வழக்கமான பேழையிலிருந்து இறக்கி, பட்டுத் துணி சுற்றி அலங்கரித்த ஒரு தற்காலிகப் பேழையில் கொலு வைத்த மாதிரி வைப்பார்கள். கூடமெங்கும் பூ. தேங்காயெண்ணெய் விளக்குகள். பிற்பகலில் சுருள்களைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு வெளியே வந்து, பள்ளியைச் சுற்றிப் பாட்டோடு வலம். உற்சவர் புறப்பாட்டைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் இந்தக் காட்சி அந்நியமாக இருக்காது. வெள்ளி உறையில் இருக்கும் சுருள்களின் தலையில் கிரீடம் உண்டு. அதில் தங்கக் கிரீடம் ஒன்று திருவிதாங்கூர் அரசர் கொடுத்தது.

பஸ்கா இதற்கு நேர் எதிர். அது வீட்டுக்குள் நடக்கும் பண்டிகை, முழுக்கப் பெண்களின் உழைப்பு. புளித்த மாவின் துணுக்கு ஒன்றுகூட வீட்டில் இருக்கக் கூடாது என்பதால் பல வாரங்கள் முன்பே சுவருக்கு வெள்ளையடிப்பது, பாத்திரம் துலக்குவது, கிணறு இறைப்பது, அரிசியை மணி மணியாகப் பொறுக்குவது என்று வேலை ஓடும். மார்கழிக் கடைசியில் நம் வீடுகளில் நடக்கும் கலவரத்தை நாலு மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

கல்யாணத்தில் தாலி உண்டு. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

போனதும் வந்ததும்

1948இல் இஸ்ரேல் பிறந்தது. கேரளத்தில் அப்போது இருந்த இரண்டாயிரத்துச் சொச்சம் யூதர்களில் பெரும்பாலோர் மலபார் யூதர்கள். போக வேண்டும் என்று அவர்கள் துடித்தார்கள், ஆனால் உடனே கூட்டிக்கொள்ளவில்லை. யானைக்கால் நோய் பரவிவிடும் என்று இஸ்ரேல் சுகாதார அதிகாரிகள் பயந்து தடுத்து வைத்தார்கள். தடை நீங்கி 1954, 55இல் ஊர் ஊராகக் கிளம்பினார்கள். மாளா யூதர்கள் 1955இல் தங்கள் பள்ளியைப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். மசாலா வியாபாரமும் மீனும் கோழியும் பார்த்துப் பழகியவர்கள், நெகேவ் பாலைவனத்தில் நெவாதிம் போன்ற கூட்டுறவுக் கிராமங்களில் விவசாயிகள் ஆனார்கள். பூ வளர்த்தார்கள்.

நோட்டுகளும் பெட்டியில் போயின. ஆனால் புது நாட்டில் பிள்ளைகளுக்கு எபிரேயம் பேச்சு மொழி ஆனது. மலையாளம் பாட்டிமார்களின் மொழி. புதிதாக வந்து ஏழைகளாக இருந்தவர்களின் பழக்கம் எதற்கும் அன்றைய இஸ்ரேலில் மதிப்பில்லை. கல்யாண வீட்டில் பாடினால் பேரப்பிள்ளைகள் வெட்கப்பட்டிருப்பார்கள். பாட்டு நோட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

எழுப்பியவர்கள் சிலர். எர்ணாகுளத்தில் பி.எம். ஜுசே, இஸ்ரேலில் ஷெர்லி ஐசன்பெர்க், அமெரிக்காவிலிருந்து வந்த பார்பரா ஜான்சன். 1970களிலிருந்து இவர்கள் நோட்டு நோட்டாகத் தேடிப் பிரதி எடுத்தார்கள், டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு வயதான பெண்களைப் பாடச் சொன்னார்கள். ரூபி டேனியல் இங்கேதான் திரும்ப வருகிறார். பாட்டுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க உட்கார்ந்தவர் அவர். எந்தப் பள்ளியின் முன்னறையில் அவர் முன்னோரைத் தரையில் உட்கார வைத்தார்களோ, அந்தப் பள்ளியின் பாட்டு எது, பொருள் என்ன என்று உலகத்துக்குச் சொன்னவர் அவர்தான். அடுத்த தலைமுறையில் மலையாளப் பேராசிரியர் ஸ்கறியா சக்கரியாவும் இஸ்ரேல் மொழியியலாளர் ஓஃபிரா கம்லியேலும் சேர்ந்து, மலையாள மூலத்தோடு எபிரேய மொழிபெயர்ப்பையும் வைத்து 2005இல் ஜெருசலேமில் ஒரு தொகுப்பு கொண்டுவந்தார்கள். அதன் தலைப்பு 'கார்குழலி'. இஸ்ரேல் புத்தக அலமாரியில் அப்படி ஒரு சொல்!

இதற்கிடையில் கொச்சிக் கட்டடங்களின் விதி வேறு வேறாகப் போனது. பரதேசிப் பள்ளியின் நானூறாவது ஆண்டு விழா 1968இல் பெரிதாக நடந்தது. பிரதமர் இந்திரா காந்தி வந்தார், அஞ்சல்தலை வெளியானது. விழாவை முன்நின்று நடத்திய சாட்டோ கோடர், கொச்சிக்கு மின்சாரம் கொடுத்த நிறுவனத்தின் தலைவர்; வெள்ளிக்கிழமை இரவு அவர் வீட்டுக் கதவு ஊருக்கே திறந்திருக்கும் என்பார்கள். மட்டாஞ்சேரிக் கடவும்பாகப் பள்ளிக்கு அந்த யோகம் இல்லை. அதன் செதுக்கிய மர உள்ளமைப்பைப் பெயர்த்துக் கொண்டுபோய் ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் பொருத்தினார்கள். நல்லவேளை கொண்டுபோனார்கள் என்றும் தோன்றும், ஐயோ கொண்டுபோய்விட்டார்களே என்றும் தோன்றும். மிச்சம் நின்ற கட்டடம் கிடங்காகக் கிடந்து, 2019 மழையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. எர்ணாகுளம் கடவும்பாகத்தின் முன்பகுதியில் செடியும் வண்ண மீனும் விற்கும் கடை பல ஆண்டுகள் நடந்தது. தொட்டிகளைத் தாண்டி உள்ளே போனால்தான் பள்ளி. பரவூரும் சேந்தமங்கலமும் முசிறிஸ் பாரம்பரியத் திட்டத்தில் அரசு அருங்காட்சியகங்கள் ஆகி, மர வேலைப்பாடெல்லாம் சீர் செய்யப்பட்டுப் பார்க்க நன்றாகவே இருக்கின்றன.

மட்டாஞ்சேரியில் ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். சாரா கோஹன் பாட்டியின் தையல் கடை தெருவில் பிரபலம். தலையில் வைக்கும் கிப்பா, ஓய்வுநாள் ரொட்டியை மூடும் துணி, மேசை விரிப்பு என்று எபிரேய எழுத்துகளைப் பூவேலையாகத் தைத்துத் தொங்கவிட்டிருப்பார். அவருக்குக் கடைசிவரை துணையாக இருந்தவர் தாஹா இப்ராகிம். சின்ன வயதில் பள்ளி வாசலில் போஸ்ட்கார்டு விற்க வந்த முஸ்லிம் பையன், பிறகு வீட்டுப் பிள்ளை மாதிரியே ஆகிவிட்டவர். 2019இல், 96 வயதில் பாட்டி போனார். கடையைத் தாஹாதான் தொடர்ந்து நடத்தினார். சாட்டோ கோடரின் மகள் க்வீனி ஹலேகுவா 2024இல் காலமானார். தொழுகை நடத்தப் பத்து ஆண்கள் வேண்டும். வெளிநாட்டுப் பயணிகள் வந்தால்தான் அந்த எண்ணிக்கை.

பாட்டு மட்டும் வேறு திசையில் போனது. இஸ்ரேலில் கேரள வம்சாவளிப் பெண்கள் சிலர் 'நிரித்' என்று ஒரு குழு அமைத்து நோட்டுப் பாட்டுகளை மேடையில் பாடினார்கள். வெட்கப்பட்ட அதே பேரப்பிள்ளைகளின் தலைமுறை இப்போது கீழே உட்கார்ந்து கேட்கிறது. மலையாளம் புரியாதவர்களுக்கு எபிரேயத்தில் பொருள் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படிச் சொல்லும்போது பாட்டில் வரும் கிளிக்கு இன்றைய எபிரேயத்தில் உள்ள சொல் 'துக்கி'. வேதத்தில் சாலமோன் ராஜாவின் கப்பல்கள் தந்தத்தோடும் குரங்கோடும் ஏற்றி வந்த பறவைக்கும் அதே பெயர்தான். அங்கே அதற்கு மயில் என்று பொருள் சொல்வார்கள். அந்தச் சொல் நம் 'தோகை'யிலிருந்து போனது என்று கால்டுவெல் காலத்திலிருந்தே ஒரு கருத்து உண்டு.

மேடையில் கிளி வரும் அடியை அந்தப் பாட்டிமார்கள் மொழிபெயர்க்காமல், மலையாளத்திலேயே, 'கிளி' என்றே பாடுகிறார்கள்.